குடம் சிஸ்டரும் பிளாட்டின மருந்தும்

இரண்டாவது முறை கேன்சர் மருந்து ஏற்றப் போயிருந்த அன்று, என் வீட்டுக்காரர் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு எவர்சில்வர் கரண்டியைத் தட்டில் போட்டார். "கஞ்சியைக் குடிக்கிறேனா, கரண்டியை மெல்லுறேனான்னு தெரியல" என்றார். அந்த மருந்து வாங்குகிறவர்கள் பலருக்கும் வாய் அப்படித்தான் ஆகிவிடும். எதைத் தின்றாலும் இரும்பு ருசி. நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் தட்டில் எவர்சில்வர் கரண்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரக் கரண்டி இருந்தது. புதிது அல்ல, புழங்கிப் புழங்கி ஓரம் மழுங்கியது. அவர் அதைக் கொண்டு கஞ்சி முழுவதையும் குடித்து முடித்தார். ஆஸ்பத்திரிக் கரண்டி போல என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் வராந்தா வழியாகப் போனபோதுதான் தெரிந்தது. அந்த நர்ஸ் ஜன்னல் ஓரம் நின்று, தன் டப்பாவில் இருந்ததை விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். கரண்டி எங்களிடம் இருந்தது.

அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த வார்டில் எல்லோருக்கும் அவர் குடம் சிஸ்டர்.

பிளாட்டின மருந்து சிறுநீரகத்தில் தங்கினால் அதைக் கெடுத்துவிடும். தங்க விடாமல் தண்ணீரால் அடித்து வெளியே தள்ள வேண்டும். அதற்காக மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் நரம்பு வழியே உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். அது போதாதென்று வாய் வழியாகவும் குடிக்க வேண்டும். ஆளுக்கொரு பெரிய தண்ணீர்ப் பாட்டில், சிஸ்டர் வாயில் அது குடம். அவர் நாற்காலி நாற்காலியாக "குடம் காலியா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். கொஞ்சம் பருத்த உடம்பு. யாராவது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டால், "பேரு பொருத்தமா இருக்குன்னு மனசுக்குள்ள சிரிக்கிறீங்க, எனக்குத் தெரியும். சிரிச்சுக்கிட்டே குடிங்க, புரை ஏறாம" என்பார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். குடலில் கட்டி. அவருக்கு வாய் சும்மா இருக்காது. "கல்யாணமான நாள்லேருந்து என் பொண்டாட்டி தண்ணியை விடு விடுன்னு துரத்துனா. இங்க வந்தா ஒரு அம்மா குடி குடின்னு துரத்துது. ஆம்பளைக்கு எங்கதான் நிம்மதி?" என்பார். சிஸ்டர், "அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. இதுல தள்ளாட்டம் வராது, பாத்ரூமுக்கு ஓட்டம்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போவார்.

என் வீட்டுக்காரர் தையல் மெஷின் மெக்கானிக். நான் தையல்காரி. அவர் மெஷினைக் கழற்றிப் பார்க்கிறதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார். எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது, எந்த இடத்தில் எண்ணெய் வற்றியது என்பதெல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெருவில் போகும்போது யார் வீட்டு மெஷினோ கத்தினால் நின்றுவிடுவார். "பாவம், அதுக்கு வலிக்குது" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு நுரையீரலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத விதை எங்காவது சிதறிக் கிடந்தால் அதையும் அழிக்க வேண்டும் என்றுதான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இந்த மருந்து.

பிளாட்டினம் என்றால் நகைக்கடையில் கண்ணாடிக்குள் இருப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அதை நரம்பில் ஏற்றுகிறார்கள் என்றதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உடம்பு ஆண்டவன் செய்தது. அதற்குள் உலோகத்துக்கு என்ன வேலை? பயந்துகொண்டே சிஸ்டரிடம் கேட்டேன், "சிஸ்டர், இது உள்ள போய் என்னதான் பண்ணுது?"

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதையாவது விளக்குகிறதென்றால் நின்றுகொண்டு சொல்ல மாட்டார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு இழை இருக்கு அக்கா. முறுக்கின ஏணி மாதிரின்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அந்த செல் என்ன செய்யணும், எப்படி இருக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கு. ஒரு செல்லு ரெண்டாகணும்னா அந்த ஏணி நடுவுல பிரிஞ்சு, ஒவ்வொரு பாதிக்கும் புதுசா ஒரு பாதி சேரணும்."

"ஏணி எப்படிங்க நடுவுல பிரியும்? ஏறுறவன் விழுந்துருவானே?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கும் வராது. வேற என்ன சொல்லலாம்?"

என் மடியில் அன்று ஒரு பாவாடை இருந்தது. ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். "ஜிப்பு மாதிரியா?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் பல்லு. மூடினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இழுத்தா நடுவுல பிரியும்."

அவர் அந்த ஜிப்பைக் கையில் வாங்கி மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். கண்ணெல்லாம் வெளிச்சம். "அக்கா! இதை ஏன் இத்தனை வருஷமா யாரும் எனக்குச் சொல்லல? ஜிப்பேதான். ஆனா இதுல நாலு வகைப் பல்லு. அதுல ஒரு வகைன்னா இந்த பிளாட்டினத்துக்கு உசுரு. அந்த வகைப் பல்லு ரெண்டு ஒரே வரிசையில அடுத்தடுத்து இருக்கற இடமாப் பார்த்து, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். அப்புறம் விடவே விடாது."

"அப்ப ஜிப்பு அங்கயே சிக்கிக்கும்" என்றேன். எனக்குத் தெரியாததா? பல் இரண்டு ஒட்டிக்கொண்ட ஜிப்பை எத்தனை பார்த்திருக்கிறேன்!

"சிக்கிக்கும். பிரியாது. பிரியலைன்னா செல்லு ரெண்டாக முடியாது. கேன்சர் செல்லுக்கு வேலையே ரெண்டாகறதுதானே? அது வேலையில மாட்டிக்குது."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், "ரத்தத்துல போகும்போது வழியில இருக்கறதை எல்லாம் பிடிச்சுக்காதா?"

"நல்ல கேள்வி. அந்த பிளாட்டினத்துக்கு நாலு கை. ரெண்டு கையில அம்மோனியா, அதை விடாது. மத்த ரெண்டுல குளோரின். ரத்தத்துல உப்பு நிறைய இருக்கறதால அந்தக் குளோரின் பெரும்பாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு வரும். செல்லுக்குள்ள போனா உப்பு கம்மி. அங்க போய்த்தான் குளோரின் ரெண்டும் உதிரும். கை காலியாகும். காலியான கை பல்லைப் பிடிக்கும். அதனாலதான் இதை நாங்க உப்புத் தண்ணியில கலந்து ஏத்தறது. இன்னொண்ணு, காலியாகற ரெண்டு கையும் ஒரே பக்கமா இருக்கணும். அதே சாமான், கை மட்டும் எதிரும் புதிருமா இருந்தா அது மருந்தே இல்லை."

இவர் கண்ணைத் திறந்தார். "கைத்தையல் ஊசிக்குக் காது மேல. மெஷின் ஊசிக்குக் காது முனையில. அதே இரும்புதான். இடம் மாறினதுலதான் மெஷினே தைக்குது."

"உங்க ரெண்டு பேரையும் இங்க வேலைக்கு வெச்சுட்டு நான் வீட்டுக்குப் போகலாம் போல" என்றார் சிஸ்டர்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. அடுத்த தடவை போனபோது முதல் வேலையாக என்னிடம் வந்தார். "அக்கா, நான் மருந்து கலக்கறவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் ஜிப்புக் கதையைச் சொன்னேன். சரிதான்னாங்க. ஆனா ஒண்ணை விட்டுட்டேன். பல்லு ரெண்டும் சேர்ந்த இடத்துல இழை மடங்கிடும். அந்த மடிப்பைப் பார்த்து உள்ளேயே இருக்கற ரிப்பேர்காரங்க ஓடி வருவாங்க. வெட்டி எடுத்து ஒட்டுப் போட முடிஞ்சா செல்லு பிழைச்சுக்கும். முடியலைன்னா அது தன்னைத்தானே முடிச்சுக்கும். அன்னைக்கு அரைகுறையாச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு எல்லா நோயாளிக்கும் அந்த ஜிப்புக் கதைதான். ஒவ்வொருவரிடமும் "இது தையல்கார அக்கா சொன்னது" என்று என்னைக் கைகாட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூசியதே இல்லை. "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பார். பலரும் அப்படிச் சொல்வார்கள். இவர் கேட்டுவிட்டு வந்து சொல்வார்.

இந்த மருந்து எப்படிக் கிடைத்தது என்பதையும் அவர்தான் சொன்னார். யாரோ ஒரு விஞ்ஞானி, கிருமி வளருகிற தண்ணீருக்குள் மின்சாரம் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாராம். கிருமிகள் இரண்டாகப் பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போனதாம். மின்சாரம்தான் காரணம் என்று நினைத்துத் தேடிப் பார்த்தால், மின்சாரம் போன கம்பி பிளாட்டினம், அது கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் கலந்திருந்ததாம். மனிதன் தேடியது ஒன்று, ஆண்டவன் கையில் வைத்தது ஒன்று. அன்றைக்குத்தான் அந்த உலோகத்தின்மேல் எனக்கிருந்த சந்தேகம் போயிற்று. ஊசி குத்துகிற நேரத்தில் அதற்கும் சேர்த்துப் பிரார்த்தனை செய்யத் தொடங்கினேன்.

டிரைவருக்கும் பிளாட்டினம்தான், ஆனால் அந்தக் குடும்பத்தில் வேறு ஒரு ஆள். அதை உப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது, சர்க்கரைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். "பாத்தீங்களா, உங்களுக்கு உப்பு, எனக்கு சர்க்கரை. நான் மாப்பிள்ளை வீடு" என்று இவரைச் சீண்டுவார் டிரைவர். மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் ஷாக் அடிக்கும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டையை அடைக்கும். அவருக்குச் சிஸ்டர் வெந்நீராகக் கொண்டுவந்து கொடுப்பார்.

மூன்றாவது தடவைதான் அது நடந்தது.

மருந்தை ஓட்டுகிற சின்ன மெஷின் ஒன்று கம்பியில் தொங்கும். ஒரு பை தீர்ந்தால் மெல்லிசாக, கீச்சென்று கத்தும். முதல் இரண்டு தடவையும் அது கத்தியவுடன் இவர்தான் முதலில் திரும்புவார். "சிஸ்டர், உங்க மெஷினுக்கு வயித்தைப் பசிக்குது" என்பார். அன்றைக்கும் அது அவருக்குப் பின்னால் கத்தியது. டிரைவர் திரும்பினார். நான் திரும்பினேன். இவர் என்னிடம் வீட்டு வாடகைக்காரரைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

குடம் சிஸ்டர் வந்து மெஷினை அணைத்தார். போகிற மாதிரிப் போய், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மறுபடி அதைக் கத்த விட்டார். இவர் பேச்சை நிறுத்தவில்லை.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தார். "மெக்கானிக் சார், எப்பலேருந்து காது கேக்கல?"

"எனக்கென்ன, நல்லாத்தான் கேக்குது. இப்ப நீங்க பேசறது கேக்கலையா?"

"பேச்சு கேக்கும். மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். உள்காதுல பூனை முடி மாதிரி இருக்கும், இந்த மருந்து அதைக் கருக்கிடும். போனது முளைக்காது. காதுல ரீங்காரம் இருக்கா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இருக்கிறது என்று அந்த முகமே சொல்லிற்று. என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"போன வாரம்தானே காது டெஸ்ட் எடுத்தாங்க? கேக்கறப்ப பட்டனை அமுக்கணும். எல்லாத்துக்கும் சரியா அமுக்கியிருக்கீங்களே?"

அவர் சொன்னார், "அந்தப் பொண்ணு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சு. ஒவ்வொரு சத்தம் விடறப்பவும் அதோட தோள் கொஞ்சம் அசையும். தோளைப் பார்த்து அமுக்கினேன்."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நான் பார்த்தேன். ஆனால் அடுத்த நொடியே முகம் மாறிற்று. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஏமாத்தினது யாரை? என்னையா, அந்தப் பொண்ணையா?"

"சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்க!" என்று இவரும் கத்தினார். "எனக்கு உசுரு வேணும் சிஸ்டர். காது போனாப் போகுது. செத்தவனுக்குக் காது எதுக்கு?"

மெஷின் சத்தத்தைக் கேட்டு "அதுக்கு வலிக்குது" என்று சொன்ன மனிதர் அவர். அந்தக் காதைக் கொடுத்து உயிரை வாங்க நினைத்திருக்கிறார். அதற்காக அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

சிஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேருந்தே காது கேக்காது. தச்சு வேலை. அவருக்கு அது ஒரு குறையே இல்லை. நாங்க கையாலதான் பேசுவோம், கையாலதான் சண்டை போடுவோம். சண்டை முத்துதுன்னா நான் அவர் ரெண்டு கையிலயும் பாத்திரத்தைக் குடுத்துடுவேன், பாவம், பேச முடியாது." டிரைவர் அடக்க முடியாமல் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "காது இல்லாம வாழ முடியாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா காதாலயே சோறு தின்னவருக்குப் பாதியில போறது வேற. உசுருதான் பெருசு, ஒத்துக்கறேன். ஒண்ணைக் குடுத்தாத்தான் இன்னொண்ணுன்னு உங்களுக்கு யார் சொன்னா? கேட்டீங்களா?"

"பிளாட்டினத்துல தம்பி ஒருத்தர் இருக்கார்" என்று தொடர்ந்தார். "இப்ப ஏறிட்டிருக்கறவர் அண்ணன். அண்ணன் கையில குளோரின், சட்டுன்னு உதிர்ந்துடும், ஆள் முரடு. தம்பி ஒரு பெரிய வளையத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்பார், மெதுவாத்தான் விடுவார். உள்ள போயிட்டா அதே பல்லு, அதே பிடிதான். காதையும் சிறுநீரகத்தையும் அவ்வளவா தொடமாட்டார். ஆனா ரத்த அணுவை இறக்கிடுவார், அதைப் பார்த்துக்கணும்."

"அண்ணன் செய்யற வேலையைத் தம்பி செய்வாரா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் "கண்டிப்பா செய்வார், பயப்படாதீங்க" என்று சொல்லியிருப்பார்கள். நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"சத்தியம் பண்ண மாட்டேன். உங்க விஷயத்துல அது எப்படின்னு எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அன்று அடுத்த பை மருந்தை ஏற்றவில்லை. சிஸ்டர் இவரைக் கையோடு காது டெஸ்ட் அறைக்கு அழைத்துப் போனார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தார். "இப்ப சுவரோட தோளைப் பாருங்க" என்றார். மெல்லிய சத்தங்கள் எதற்கும் இவர் விரல் அசையவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் தோளில் கை வைத்திருந்தார்.

பிறகு பெரிய டாக்டரையே அழைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, பாதிக்கு மேல் மருந்தும் ஏறிவிட்டது. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் பலம் என்று சில ஆராய்ச்சி சொல்கிறது, ஆனால் வித்தியாசம் பெரிது இல்லை. இனிமேல் அண்ணனையே ஏற்றினால் பேச்சுக் குரலும் கேட்காமல் போகலாம். "முடிவு உங்களுது" என்றார்.

இவர் சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார், "நீங்களா இருந்தா?"

"நானா இருந்தா தம்பியை வாங்கிப்பேன். ஆனா பயந்துக்கிட்டேதான் வாங்கிப்பேன். பயமே இல்லைன்னு சொன்னா அது பொய்."

"அப்ப நானும் பயந்துக்கிட்டே வாங்கிக்கறேன்" என்றார் இவர்.

மிச்ச மருந்தெல்லாம் தம்பிதான். ஒரு தடவை ரத்த அணு இறங்கி, ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். அந்த வாரம் நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். குடம் சிஸ்டர் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். ஜுரம் இருக்கிறதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டார். அது அவர் வேலையில் சேர்த்தி இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மருந்து முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. பிறகு சில மாதம் விட்டு ஒரு ஸ்கேன், அதுவும் சுத்தம். போன மெல்லிய சத்தங்கள் திரும்பி வரவில்லை. பறவைச் சத்தம் இவருக்கு இப்போது கேட்பதில்லை. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் போகவில்லை. நான் பேசுவது கேட்கிறது, மெஷின் ஓடுவது கேட்கிறது. கீச்சொலி வருகிற கோளாறாக இருந்தால் என்னைக் கூப்பிட்டு, "இங்க வா, இது கத்துதா பார்" என்பார். நான் கேட்டுச் சொல்வேன். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெக்கானிக் ஆகிவிட்டோம்.

அந்த இரண்டாவது ஸ்கேன் முடிவு வாங்கப் போன அன்றுதான் சிஸ்டர் வேலையை விட்டுப் போகிற செய்தி தெரிந்தது. அவர் வீட்டுக்காரருக்கு வெகு தூரத்தில் ஒரு பட்டறை அமைந்திருந்தது. குடும்பத்தோடு போகிறார்கள். வார்டில் எல்லோரும் ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டிலைப் பரிசாகக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அது டிரைவருடைய யோசனை. அவரும் அதற்குள் நல்லபடியாகத் தேறியிருந்தார்.

நான் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கறேன் சிஸ்டர்" என்று சொன்னேன். "வேண்டிக்கோங்க அக்கா, எனக்கும் பயமெல்லாம் உண்டு" என்றார். இவர் கும்பிட்டுவிட்டு, வாய்ப் பழக்கத்தில், "அப்ப நாங்க போயிட்டு வரோம் சிஸ்டர்" என்றார்.

குடம் சிஸ்டர் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"போயிட்டு வரோம்னு சொல்லாதீங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் போறோம்னு சொன்னா அபசகுனம் இல்ல. திரும்பி வராதீங்க. ரேடியோவை அலற விடாதீங்க, மிச்சம் இருக்கற காதுல எனக்கும் பங்கு இருக்கு. போங்க, நல்லபடியாப் போங்க."